டிரெஸ்டன் மாதா கோயில்

ஃபிராவன்கிர்ஷே, ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டனில் உள்ள லுத்தரன் தேவாலயம். மாதா கோயில் என்பது பெயரின் பொருள். 1539-இல் நகரம் லுத்தரன் சபைக்கு மாறிய பின்னரும் கத்தோலிக்கக் காலத்துப் பெயரே நிலைத்துவிட்டது.

சிதிலமடைந்திருந்த பழைய கோயிலுக்குப் பதிலாக, 1726-இல் இன்றைய கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. போலந்தின் முடியைப் பெறுவதற்காக மன்னர் அகஸ்டஸ் கத்தோலிக்கராகியிருந்தார்; குடிமக்கள் லுத்தரன்களாகவே இருந்தனர். ஆகவே நகர மன்றம் எழுப்பிய இந்தப் பெருங்கோயிலில் அரசியலும் கலந்திருந்தது. வடிவமைத்தவர் கியார்க் பேர் என்ற தச்சர். மரச்சட்டத்தில் செம்புத் தகடு வேய்வதாக இருந்த குவிமாடத்தை அவர் முழுவதும் மணற்கல்லால் கட்டத் துணிந்தார். அதன் எடை 12,000 டன்னுக்கும் மேல். 1743-இல் பணி முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1760-இல் பிரஷ்யப் படையின் பீரங்கிக் குண்டுகளையும் அந்தக் குவிமாடம் தாங்கியது. ஆனால் பாரம் அளவுக்கு மீறி உள்தூண்களில் இறங்கியதால் விரிசல்கள் கண்டன. இருபதாம் நூற்றாண்டு வரை பழுதுபார்ப்பு ஓயவில்லை.

1945 பிப்ரவரி 13 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் டிரெஸ்டன் மீது குண்டு வீசின; மறுநாள் அமெரிக்க விமானங்கள் தொடர்ந்தன. சுமார் 25,000 பேர் மாண்டனர். கோயில் உடனே விழவில்லை. தீயில் வெந்த தூண்கள் வலுவிழந்து, 15-ஆம் தேதி காலையில் குவிமாடம் சரிந்தது.

கிழக்கு ஜெர்மனி அரசு கற்குவியலைப் போர் எதிர்ப்பு நினைவிடமாக விட்டுவைத்தது. 1982 முதல் பிப்ரவரி 13 அன்று இளைஞர்கள் மெழுகுவர்த்தியுடன் அங்கே கூடினர். எனவே 1990-இல் மீண்டும் கட்டும் அழைப்பு எழுந்தபோது திருச்சபைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. இடிபாடு சொல்வதைப் புதுக் கட்டிடம் சொல்லுமா என்ற அவர்களது கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

அதற்கான பதிலைக் கட்டிய முறையிலேயே தேடினார்கள். 1993-இல் குவியலைப் பிரித்தபோது ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, விழுந்து கிடந்த இடத்தைக் குறித்தனர். அதைக்கொண்டு அது முன்பு எங்கே இருந்தது என்று கணித்து, இயன்றவரை அங்கேயே மீண்டும் வைத்தனர். வெளிச்சுவரில் மட்டும் 3,500-க்கும் மேற்பட்ட பழைய கற்கள் உள்ளன. பீடமும் பெரும்பாலும் பழைய துண்டுகளால் ஆனதே. ஆர்கன் விஷயத்தில் இந்தக் கண்டிப்பு தளர்ந்தது. 1736-இல் பாக் வாசித்த சில்பர்மான் ஆர்கனை அப்படியே மறுபடி செய்யாமல் வேறொன்று அமைக்கப்பட்டது. அந்தச் சர்ச்சை கடுமையானது.

செலவு சுமார் 180 மில்லியன் யூரோ. பாதிக்கு மேல் நன்கொடை. உச்சிச் சிலுவை பிரிட்டனின் கொடை. அதைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித், டிரெஸ்டன் மீது குண்டு வீசச் சென்ற விமானி ஒருவரின் மகன். இடிபாட்டில் கிடைத்த பழைய சிலுவை நெளிந்த நிலையிலேயே உள்ளே வைக்கப்பட்டுள்ளது. 2005 அக்டோபர் 30 அன்று கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

சுவரில் கறுப்பாகத் தெரியும் பழைய கற்களைத் தீயில் கருகியவை என்றே பலர் எண்ணுகின்றனர். அந்த மணற்கல் காற்றும் மழையும் பட்டு இயல்பாகவே கறுக்கக் கூடியது. வெளிறிய புதுக் கற்களும் சில தலைமுறைகளில் அந்த நிறத்தை அடைந்துவிடும்.