பெரிய சக்கரமும் என் தப்புக் கணக்கும்

சின்ன வயதில் திண்டுக்கல்லில் ஒரு சர்க்கஸ் பார்த்தேன். முன்னால் ஆள் உயரச் சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமும் வைத்த ஒரு சைக்கிளில் கோமாளி ஏறி, ஆடி ஆடி ஒரு சுற்று வந்து, வேண்டுமென்றே கீழே விழுந்தான். கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வண்டி என்றாலே எனக்குக் கோமாளி ஞாபகம்தான்.

போன மாதம் பேரன் செல்போனில் அதே வண்டியின் படத்தைக் காட்டி, "தாத்தா, இது எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்று கேட்டான். "ஆத்தூர்ல இருந்து செம்பட்டி போறதுக்குள்ள நடந்து போறவன் முந்திருவான்டா" என்றேன். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. கணக்கு வாத்தியாராக இருந்தவன் கணக்குப் பார்க்காமல் பதில் சொல்லிவிட்டேனே என்று உறுத்தியது. தேடிப் படித்தேன். என் பதில் எவ்வளவு பெரிய தப்பு என்பதுதான் இந்தப் பதிவு.

அந்த வண்டிக்குப் பெயர் பென்னி ஃபார்த்திங். பென்னி என்பது அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய செப்புக்காசு. ஃபார்த்திங் அதில் கால் பங்கு மதிப்புள்ள சின்னக் காசு. நம் பழைய காசில் சொன்னால் காலணாவும் தம்பிடியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி. 1870-இல் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் சேர்ந்து 'ஏரியல்' என்ற பெயரில் இந்த மாதிரி வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். மெல்லிய இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டிய சக்கரம் என்பதால் எடை குறைவு. பிற்காலத்தில் வந்த பந்தய வண்டிகள் பத்து, பதினோரு கிலோதான் இருந்தன. நாம் அரிசி மூட்டை ஏற்றி ஓட்டிய சைக்கிள் சுமார் இருபது கிலோ!

இனி வேகம். 1876-இல் கேம்பிரிட்ஜ் மைதானத்தில் ஃப்ராங்க் டாட்ஸ் என்பவர் ஒரு மணி நேரத்தில் 26.5 கிலோமீட்டர் ஓட்டினார். 1882-இல் ஹெர்பர்ட் லிடெல் கார்டிஸ் என்ற இளைஞர் ஒரு மணி நேரத்தில் 20 மைலைத் தாண்டினார். அதாவது 32 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்த முதல் ஆள் அவர்தான். காற்றடைத்த டயர் அப்போது கிடையாது, கெட்டி ரப்பர்தான். செயின் கிடையாது. கியர் கிடையாது.

செயின் இல்லை என்பதில்தான் கணக்கே இருக்கிறது. பெடல் நேராக முன் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். அதனால்தான் சக்கரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஓட்டுகிறவரின் கால் எட்டுகிற அளவுதான் அதற்கு எல்லை. நெட்டையானவருக்குப் பெரிய சக்கரம், குட்டையானவருக்குச் சின்னது.

சக்கரம் 54 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மிதிக்குச் சுமார் 4.3 மீட்டர் போகும். என் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல், சக்கரம் 28 அங்குலம். ஒரு மிதிக்குச் சுமார் 5.5 மீட்டர் போகிறது. ஆக, அந்த ராட்சசச் சக்கரத்தைவிட நம் சாதா சைக்கிள்தான் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகிறது!

அப்படியானால் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது? காலிலிருந்துதான். ஒரு மணிக்கு 32 கிலோமீட்டர் போக வேண்டுமானால் அந்தச் சக்கரத்தை நிமிடத்துக்கு 124 தடவை மிதிக்க வேண்டும். 60 அங்குலச் சக்கரம் என்று எடுத்தாலும் 112 தடவை. அதையும் ஒரு மணி நேரம் விடாமல். நம் வண்டியில் மாதிரி மிதிப்பதை நிறுத்திவிட்டு உருட்டவும் முடியாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும்.

மைதானத்தை விடுங்கள், ரோட்டில்? 1886-இல் ஜி. பி. மில்ஸ் என்பவர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து ஸ்காட்லாந்தின் வடகிழக்கு முனைவரை, சுமார் 1,400 கிலோமீட்டர், 5 நாள் 1 மணி 45 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். திண்டுக்கல்லிலிருந்து சென்னை போய்த் திரும்பி, மறுபடியும் சென்னை போகிற தூரத்தைவிட இது அதிகம். அதே மாதிரி வண்டியில் அந்த நேரத்தை முறியடிக்க 2019 வரை ஆள் வரவில்லை. 133 வருஷம்!

அதே 1886-இல் இந்த வண்டி நம் நாட்டு ரோட்டிலும் ஓடியிருக்கிறது. 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி உலகம் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், 50 அங்குலச் சக்கரத்தில் லாகூரிலிருந்து டெல்லி, ஆக்ரா, காசி வழியாகக் கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் வந்தார். மாற்றுச் சட்டை, காலுறை, கூடாரமாகவும் உதவிய ஒரு மழைக்கோட்டு, ஒரு துப்பாக்கி, இவைதான் மூட்டை. ரோட்டோரத்தில் அதைப் பார்த்த மாட்டுவண்டிக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இவ்வளவு வேகமான வண்டி ஏன் ஒழிந்தது? வேகம் போதவில்லை என்பதால் இல்லை. பயத்தால். சக்கரத்தில் ஒரு கல் தட்டினால் ஆள் தலைகுப்புற விழுவார். இறக்கத்தில் இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வார்களாம், விழுந்தாலும் கால் ஊன்றி விழலாமே என்று. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள செயின் வண்டியைக் கொண்டுவந்தார். அதற்குப் பெயரே 'சேஃப்டி'. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மறு வருஷம் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் வில்லி ஹியூம் அந்தத் தடித்த டயரோடு வந்தபோது கூட்டம் சிரித்தது. ஜெயித்தபோது சிரிப்பு நின்றுபோனது.

ஆனாலும் 1893-இல் பாரிஸில் ஆன்ரி தெக்ரான்ஜ் காற்று டயர், செயின் எல்லாம் உள்ள வண்டியில் ஒரு மணி நேரத்தில் போனது 35.3 கிலோமீட்டர்தான். கார்டிஸைவிட மூன்று கிலோமீட்டர் கூட. அதைப் பார்க்கக் கார்டிஸ் இல்லை. டாக்டராகி ஆஸ்திரேலியா போனவர், 1885-இல் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் பேரனைப் பின்னால் உட்கார வைத்துச் செம்பட்டி ரோட்டில் சைக்கிளை மிதித்தேன். "ஒரு நிமிஷம் எத்தனை மிதிக்கிறேன்னு எண்ணுடா" என்றேன். 58. அதற்கே மூச்சு வாங்கியது. கார்டிஸ் கணக்கில் பாதிகூட இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு 124 கதையைச் சொன்னேன்.

"அப்ப நடந்து போறவன் முந்த மாட்டான்ல தாத்தா?"

"மாட்டான்டா. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."