டேப்பெட் சத்தம் நின்னா சந்தோஷப்படாதீங்க

போன வாரம் பரணை ஒழிச்சப்போ ஒரு டால்டா டப்பாவுல நாலு எக்ஸாஸ்ட் வால்வு கிடைச்சது. "என்னப்பா இது, இரும்புக் காளானா?"ன்னு கேட்டான் பையன். 2001-ல எங்க மாமாவோட அம்பாசடர்ல இருந்து கழட்டினது. அந்த நாலு வால்வுக்குப் பின்னாடி எண்பது வருஷ சரித்திரம் இருக்கு. அதைத்தான் இன்னிக்கு எழுதறேன்.

மாமாவுக்கு கவரைப்பேட்டைப் பக்கம் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி கழனி. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பெட்ரோல் அம்பாசடர்ல கத்திரிக்கா, வெண்டைக்கா மூட்டையை ஏத்திக்கிட்டு கோயம்பேடு போவாரு. அந்த எஞ்சினுக்கு எப்பவும் ஒரு "டக்கு டக்கு" டேப்பெட் சத்தம் உண்டு. ஒருநாள் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "சத்தமே நின்னு போச்சு மாப்ள, புது வண்டி மாதிரி ஓடுது." ரெண்டு மாசம் கழிச்சு அதே வண்டி மேம்பாலம் ஏற முடியாம நின்னுச்சு. மூட்டை லேட்டாப் போய் கத்திரிக்கா பாதி விலைக்குத்தான் போச்சு.

கும்மிடிப்பூண்டியில ஒரு மேஸ்திரி ஹெட்டைக் கழட்டினாரு. கூடவே நானும் உட்கார்ந்திருந்தேன். நாலு சிலிண்டர், எட்டு வால்வு. வால்வோட தலை ஹெட்டுல இருக்கிற சீட்டுல 45 டிகிரி சாய்வுல வந்து உட்காரணும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினா ஒவ்வொரு வால்வும் 1500 தடவை திறந்து மூடும். இன்லெட் வால்வுக்கு உள்ளே வர்ற குளிர்ந்த காத்து கொஞ்சம் ஆறுதல். எக்ஸாஸ்ட் வால்வு எரிஞ்ச புகையிலேயே குளிக்குது. அந்த எஞ்சின்ல நடு ரெண்டு சிலிண்டருக்கும் புகை போக ஒரே வழிதான், அங்கே சூடு இன்னும் அதிகம்.

மேஸ்திரி ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்கை எடுத்து, வால்வை உருவிக் காட்டினாரு. இன்லெட் நாலும் நல்லா இருந்துச்சு. எக்ஸாஸ்ட் சீட் நாலும் ஹெட்டுக்குள்ள குழியா இறங்கியிருந்துச்சு. சீட் இறங்கினா வால்வோட தண்டு மேலே ஏறும். ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி குறையும். அதனாலதான் சத்தம் நின்னது! கடைசியில இடைவெளியே இல்லாம போனா வால்வு முழுசா மூடாது. கம்ப்ரஷன் ஓடிடும், வால்வு ஓரம் கருகிடும்.

"இத்தனை வருஷம் ஓடின வண்டி, இப்ப மட்டும் ஏன்?"னு மாமா கேட்டாரு. மேஸ்திரி ஒரே வார்த்தையில பதில் சொன்னாரு: "பெட்ரோல் மாறிடுச்சு."

அதுக்கு 1921-க்குப் போகணும். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ல வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோல்ல ஈயச் சேர்மத்தைக் கொஞ்சம் கலந்தா எஞ்சின் 'நாக்கிங்' தட்டாதுன்னு கண்டுபிடிச்சாரு. 1923-ல விற்பனைக்கு வந்துச்சு. அடுத்த வருஷமே நியூ ஜெர்சியில அந்தச் சேர்மம் தயாரிச்ச தொழிலாளிகள் அஞ்சு பேர் புத்தி பேதலிச்சு செத்தாங்க. கொஞ்ச காலம் நிறுத்தி வச்ச விற்பனை திரும்பவும் தொடங்கிடுச்சு.

ஈயத்தால கேக்காமலே இன்னொரு லாபமும் கிடைச்சது. எரிஞ்ச ஈயத்தோட சாம்பல் சீட் மேல மெல்லிசா படிஞ்சு, வால்வும் சீட்டும் நேரடியா ஒட்டாம பார்த்துக்கிச்சு. அதனால ஹெட்டோட சாதா வார்ப்பிரும்பிலேயே சீட்டைக் கடைஞ்சு விட்டாங்க. இங்கிலாந்துல பி.எம்.சி. கம்பெனி வடிவமைச்ச நம்ம அம்பாசடர் எஞ்சினும் அந்தக் காலத்து வார்ப்புதான். ஈயம் இல்லேன்னா, சூட்டுல வால்வும் சீட்டும் துளித்துளியா ஒட்டி ஒட்டிப் பிய்யும். பிய்ஞ்ச துணுக்கு வால்வுல ஒட்டிக்கிட்டு அரம் மாதிரி சீட்டை அராவும்.

நம்ம நாட்டுல 1995 ஏப்ரல்ல சென்னை, டெல்லி, மும்பை, கல்கத்தாவுல ஈயமில்லா பெட்ரோல் வந்துச்சு. உச்ச நீதிமன்றத்துல எம்.சி. மேத்தா நடத்தின வழக்கு அதுக்கு ஒரு பெரிய உந்துதல். 2000 பிப்ரவரி 1-லேர்ந்து நாடு முழுக்க ஈய பெட்ரோல் நின்னுச்சு. மாமா வண்டி அதுக்கப்புறம் ஒரு வருஷம்தான் தாங்குச்சு.

வேடிக்கை என்னன்னா, அம்பாசடர் தயாரிச்ச அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1998-லேயே நம்ம திருவள்ளூர் ஆலையில மிட்சுபிஷி லான்சர் கட்ட ஆரம்பிச்சாச்சு. அந்த மாதிரி புது எஞ்சின்ல அலுமினிய ஹெட், அதுல கெட்டியான சீட் வளையம். ஈயமே தேவையில்ல. பொன்னேரியில ரானே கம்பெனி வால்வே தயாரிக்குது. நோயும் மருந்தும் ஒரே மாவட்டத்துல!

மேஸ்திரி செஞ்ச வைத்தியமும் அதுதான். லேத்துல எக்ஸாஸ்ட் சீட்டைக் குடைஞ்சு, கெட்டி வளையத்தை அடிச்சு இறக்கினாரு. புது வால்வு போட்டு, சீட்டுல கார்பரண்டம் பேஸ்ட் தடவி, ரப்பர் கப்பு வச்ச கட்டையை மோர் கடையற மத்து மாதிரி ரெண்டு உள்ளங்கையிலேயும் உருட்டினாரு. முதல்ல சொரசொர பேஸ்ட், அப்புறம் நைஸ். சாம்பல் நிறத்துல ஒரே அகலமா வளையம் தெரியற வரைக்கும் விடல. அப்புறம் வால்வை மாட்டி போர்ட்டுல மண்ணெண்ணெய் ஊத்தினாரு. ஒரு சொட்டு கசியல. ஹெட்டை வச்சு, நட்டை நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா சுத்துச் சுத்தா இறுக்கினாரு. கடைசியா டேப்பெட் இடைவெளியை கேஜ் தகடு விட்டு அளந்து வச்சாரு. ஸ்டார்ட் பண்ணதும் பழைய டக்கு டக்கு திரும்ப வந்துச்சு. "இதான் ஆரோக்கியம்"னாரு.

ஒரு போகத்துக் கத்திரிக்கா லாபம் அதோட போச்சு. "நல்லா இருந்த பெட்ரோலைக் கெடுத்துட்டானுங்க"ன்னு மாமா கடைசி வரைக்கும் திட்டினாரு. அன்னிக்கு நானும் தலையாட்டினேன்.

இப்போ யோசிக்கிறேன். அந்த ஈயம் வால்வை மட்டுமா தொட்டுச்சு? புகையோட வெளியே வந்து ஜி.என்.டி. ரோட்டோரம் படிஞ்சது. அந்தக் கழனியிலதான் அத்தை கீரை பறிப்பாங்க, நாங்க சின்னப் பசங்க மண்ணுல விளையாடினோம். குழந்தைங்க மூளையைக் கெடுக்கிற விஷம் அது, வாசனைகூடக் கிடையாது. மண்ணுல விழுந்தா லேசுல போகவும் போகாது. 2021-ல அல்ஜீரியா கடைசியா நிறுத்தினப்போதான் உலகத்துல கார் பெட்ரோல்லேர்ந்து ஈயம் முழுசா ஒழிஞ்சது.

சீட் இறங்கினா வளையம் அடிச்சுக்கலாம். குழந்தை மூளைக்கு வளையம் எங்கே வாங்கறது? மாமா இருந்தா இதைச் சொல்லியிருப்பேன். வால்வு நாலையும் துடைச்சு ஜன்னல்ல வச்சிருக்கேன். ரோட்டோரக் கழனி வச்சிருக்கிறவங்க கீரையை நாலு தண்ணி விட்டு அலசுங்க.