ஒளிப்படக் கோப்புகளில் நேரவலயச் சிக்கல்

எண்ணிமப் படக்கருவியில் எடுக்கப்படும் ஒவ்வொரு படத்தின் கோப்பிலும், அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் எழுதப்படுகின்றன. இது நேர முத்திரை எனப்படுகிறது. ஒளிப்படக் கோப்புகளுக்கான எக்ஸிஃப் தரம் 1995 ஆம் ஆண்டு வெளியானது. அது முதல் 2016 வரை, அதாவது ஏறத்தாழ 20 ஆண்டுகள், இந்த முத்திரையில் மணி இருந்தது. அது எந்த ஊர் மணி என்பதை எழுத இடம் இல்லை. உலகின் முதல் தலைமுறை எண்ணிமப் படங்கள் பெரும்பாலும் இந்தக் குறையுடனேயே சேமிக்கப்பட்டுள்ளன.

மணிக்கு ஊர் வேண்டும்

19 ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு நகரமும் தன் சூரியனைப் பார்த்தே மணியை வைத்துக்கொண்டது. சென்னை நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னே இருந்தது. தொடர்வண்டியும் தந்தியும் வந்த பின் இந்த வேறுபாடுகள் தொல்லையாயின. 1884 இல் வாசிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சை முதன்மை நெடுங்கோடாக ஏற்றது. 1906 சனவரி 1 முதல் கிரீனிச்சைவிட ஐந்தரை மணி முன்னதான நேரம் இந்தியாவின் சீர்நேரமாயிற்று. எந்த இடத்தின் மணி என்று சொல்லாவிட்டால் மணிக்குப் பொருள் இல்லை என்பதை உலகம் அப்போதே கற்றுக்கொண்டிருந்தது. படக்கருவி செய்தவர்கள் அதை மறந்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

19 எழுத்துகள்

எக்ஸிஃப் தரத்தை வகுத்தது சப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம். நேரத்தை எழுதும் முறையை அது புதிதாக உருவாக்கவில்லை. 1992 இல் வெளியான டிஃப் 6.0 என்ற படக்கோப்பு வடிவத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவை இடையிலுள்ள குறிகளுடன் சேர்ந்து சரியாக 19 எழுத்துகள். எடுத்துக்காட்டாக, 2004:12:26 06:58:53. இதன்பின் நேரவலயம் எழுத இடமில்லை.

அலுவலக மேசையில் தாள்களை வருடி எடுக்கும் கருவிக்கு இது போதும். அந்த மேசை நாடு விட்டு நாடு போவதில்லை. படச்சுருள் காலத்துக் காமிராக்கள் படத்தின் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் தேதியை அச்சிட்டதும் இதே எண்ணத்தில்தான். படக்கருவியோ கழுத்தில் தொங்கிக்கொண்டு வானூர்தி ஏறுவது. அதன் கடிகாரத்தை வாங்கிய அன்று ஒருமுறை சரிசெய்பவர்கள், வெளிநாடு போகும்போது மாற்ற மறந்துவிடுவார்கள்.

அரை மணி நேரத்தின் மதிப்பு

இதனால் என்ன இழப்பு என்பதற்கு இலங்கையின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டு. மின்தட்டுப்பாடு காரணமாக 1996 மே மாதம் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஐந்தரை மணி வேறுபாடு ஆறரை ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அதை ஆறாகக் குறைத்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரமே தொடர்ந்தது. ஆகவே அந்தப் பத்தாண்டில் ஒரே தீவில் இரண்டு மணிகள் ஓடின.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் காலத்தில்தான் வந்தது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்த நேரம் அனைத்துலக நேரப்படி 00:58:53. அதே கணத்தில் பண்டா ஆச்சேயில் மணி 7:58, கொழும்பில் 6:58, சென்னையில் 6:28. தாய்லாந்துக்குச் சுற்றுலா வந்த சுவீடன் நாட்டவரின் படக்கருவி ஊர் நேரத்திலேயே இருந்திருந்தால் அதில் விடியற்காலை 1:58.

முல்லைத்தீவுக் கரையில் எடுத்த ஒரு படத்தில் காலை 9:00 என்று இருப்பதாகக் கொள்வோம். படம்பிடித்தவர் அரசு நேரத்தை வைத்திருந்தால் அது அனைத்துலக நேரம் 3:00. பழைய நேரத்தை வைத்திருந்தால் 3:30. ஆழிப்பேரலையின் அடுத்தடுத்த அலைகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி வரையான இடைவெளியில் வருபவை. அரை மணி பிசகினால், படத்தில் தெரிவது முதல் அலையா அடுத்ததா என்பதே மாறிவிடும். கணினிகள் பயன்படுத்தும் உலக நேரவலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்குக் கொழும்பு என்ற ஒரே பதிவுதான் உண்டு. எனவே கணினி தானாகக் கணக்கிட்டால் வன்னியின் படத்துக்கும் கொழும்பு நேரத்தையே பொருத்தும். எந்த மணி என்பதை எடுத்தவரிடமோ ஊராரிடமோ கேட்டுத்தான் அறியவேண்டும். கேட்கக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.

நிகழ்படங்களின் தனிவழி

வீடியோ எனப்படும் நிகழ்படக் கோப்புகள் வேறு மரபிலிருந்து வந்தவை. ஆப்பிள் நிறுவனம் 1991 இல் வெளியிட்ட குவிக்டைம், 1904 சனவரி 1 நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக நேரத்தை எழுதியது. 20 ஆம் நூற்றாண்டின் முதல் நெட்டாண்டு 1904 என்பதால் மாக்கின்டோசு கணினிகள் அதையே தொடக்கமாகக் கொண்டிருந்தன. குவிக்டைமை அடிப்படையாகக் கொண்டு எழுந்த எம்பி4 தரம், அந்த எண்ணிக்கை அனைத்துலக நேரத்தில் இருக்கவேண்டும் என்கிறது.

தன் வலயத்தை அறியாத படக்கருவி அனைத்துலக நேரத்தை எப்படிக் கணக்கிடும்? பல கருவிகள் உள்ளூர் மணியை அப்படியே அந்த இடத்தில் எழுதின. இதனால் இருவகைப் பிழைகள் தோன்றுகின்றன. யாழ்ப்பாணத்தில் இன்று காலை 10:00 மணிக்கு எடுத்த நிகழ்படத்தைத் திறன்பேசி முறைப்படி 4:30 என்று பதிகிறது. அதை மாற்றாமல் காட்டும் மென்பொருளில் அது விடிவதற்கு முன் எடுத்ததாகத் தெரியும். உள்ளூர் மணியை எழுதிய கருவியின் 10:00 ஐ வேறொரு மென்பொருள் அனைத்துலக நேரம் என்று நம்பி ஐந்தரை மணி கூட்டினால், மாலை 3:30 ஆகிவிடும்.

திருத்தும் முறை

2016 சூலையில் வந்த எக்ஸிஃப் 2.31 பதிப்புதான் வலய வேறுபாட்டை எழுதத் தனி இடங்களை அளித்தது. அதற்கு முன் வலயத்தை அறியப் புவியிடங்காட்டி உதவியது. செயற்கைக்கோளிலிருந்து பெறும் நேரம் அனைத்துலக நேரமாகத் தனியே பதிவாகும். அதையும் 19 எழுத்து முத்திரையையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பழைய படங்களைத் திருத்தப் பலரும் பயன்படுத்துவது, கனடாவின் பில் ஆர்வி உருவாக்கி 2003 முதல் இலவசமாக வழங்கப்படும் எக்ஸிஃப்டூல். ஒரே கட்டளையில் ஆயிரம் படங்களின் நேரத்தை நகர்த்தவல்லது. ஆனால் நகர்த்துவதற்கு முன், பிழை எவ்வகை என்று முடிவு செய்யவேண்டும். எடுத்த ஊரின் மணியே பதிவாகி, வலயம் மட்டும் விடுபட்டிருந்தால் எண்களைத் தொடவே கூடாது. வலயத்தைச் சேர்த்தால் போதும். வேறு ஊரின் மணி பதிவாகியிருந்தால்தான் நகர்த்தல் தேவை.

2005 சனவரியில் டொரன்டோவிலிருந்து கொழும்புக்குத் திருமணத்துக்கு வந்த குடும்பத்தின் படக்கருவி கனடா நேரத்தில் இருந்ததாகக் கொள்வோம். காலை 10 மணிக்குத் தாலி கட்டிய படம் முந்திய நாள் இரவு 11 மணி என்று பதிவாகி, தொகுப்பில் பொன்னுருக்கல் படங்களுடன் போய்ச் சேர்ந்துவிடும். வேறுபாடு 11 மணி நேரம். இன்றைய கணக்கில் பத்தரை மணி கூட்டுபவர் அரை மணி தவறுவார். அதே பயணம் சூலையில் என்றால், கனடாவின் கோடைக்கால நேரத்தால் 10 மணி மட்டுமே.

நினைவை நம்புவதைவிட, ஒரே கணத்தை இரண்டு கருவிகளும் பிடித்த படங்களைத் தேடுவது சிறந்தது. தாலி கட்டும் கணமே பெரும்பாலும் அப்படி அமையும். இரு முத்திரைகளுக்கும் இடையே 11 மணி 3 நிமிடம் இருந்தால், 11 மணி வலயத்தால் வந்தது. 3 நிமிடம் ஏதோவொரு கடிகாரத்தின் பிசகு. அத்தகைய படம் இல்லையெனில் பின்னணியில் தெரியும் சுவர்க்கடிகாரம் உதவும். எடுத்த இடமும் திசையும் உறுதியாகத் தெரிந்தால் நிழலின் நீளத்தைக் கொண்டும் ஓரளவு மதிப்பிடலாம்.

ஏற்கெனவே திருத்திய கோப்பை இன்னொருவர் மீண்டும் திருத்திவிடுவது அடிக்கடி நேர்கிறது. இதைத் தவிர்க்க எவ்வளவு நகர்த்தப்பட்டது, எதன் அடிப்படையில் என்பதைக் கோப்புறையில் எழுதி வைக்கவேண்டும். எக்ஸிஃப்டூல், வேறு கட்டளை தராவிட்டால், திருத்தாத கோப்பைப் பெயரின் இறுதியில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தனியே விட்டுவைக்கும். இடத்தை அடைக்கிறது என்று பலர் முதலில் அழிப்பது அதைத்தான்.