மணி கட்டிய கம்பு: இருட்டில் ஓடியவர்களின் கதை

விடியற்காலை நாலரை மணி. எங்கள் காவாந்தண்டலத்தில் அந்த நேரத்துக்குத் தெருவுக்கு வந்தால் 'தட் தட்' என்று யாராவது ஓடுகிற சத்தம் கேட்கும். எல்லாம் போலீஸ் வேலைக்குத் தயார் செய்கிறவர்கள்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அதற்காக ஓடிக்கொண்டிருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஐந்தே முக்காலுக்கு கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால் அவருக்குக் கிடைப்பது இருட்டு நேரம் மட்டும்தான்.

எங்க ஆயா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தினமும் ஒரே வசனம் சொல்லும். "ஏம்மா, கையில ஒரு கழியாவது எடுத்துக்கினு போயேம்மா. நாய் நிக்கும், பூச்சி பொட்டு கெடக்கும்." அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஒருநாள் ஒரு லாரி அக்காவை உரசுகிற மாதிரி போய்விட்டது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு அவங்க அப்பா, "போதும். விடிஞ்ச பிறகு ஓடறதுன்னா ஓடு, இல்லன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டார். விடிந்த பிறகு பஸ் வந்துவிடுமே! கிட்டத்தட்ட ஓட்டமே நின்றுபோன மாதிரிதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இருட்டில் தனியாக ஓடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் நம் நாட்டில் இருந்தார்களே, அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? தபால் ஓட்டக்காரர்களைத்தான் சொல்கிறேன். தேடிப் படித்தபோது ஆயா சொன்ன கழிக்கும் ஒரு வரலாறு இருப்பது தெரிந்தது!

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இரண்டு வெளியூர்க்காரர்கள் சொன்ன மணிச் சத்தம்

மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பார்த்துவிட்டுப் போனவர் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அவர் அதற்கு முன் சீனாவில் குப்ளாய் கானின் ஆட்சியைப் பார்த்தார். அங்கே மூன்று மைலுக்கு ஒரு நிலையம் இருந்ததாம். நிலையத்துக்கு நிலையம் கடிதம் கொண்டுபோகிற ஓட்டக்காரர்கள் இடுப்பில் மணிகள் தொங்கும் அகலமான பட்டை கட்டியிருப்பார்கள். அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்டுவிடும். அடுத்த ஆள் எழுந்து தயாராக நிற்பான்.

அவருக்குச் சுமார் 50 வருஷம் பிறகு வந்தவர் இபின் பதூதா. இவரும் மதுரை வரைக்கும் வந்தவர்தான். டில்லியில் முகமது பின் துக்ளக் ஆட்சியில் இருந்த தபாலைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். ஒரு மைலுக்கு மூன்று இடத்தில் ஆட்கள் கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஓடுகிறவன் ஒரு கையில் கடிதம் வைத்திருப்பான். இன்னொரு கையில் இரண்டு முழக் கம்பு, அதன் தலையில் செப்பு மணிகள். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்தவன் எழுந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு கம்பை ஆட்டியபடியே ஓட்டம் பிடிப்பான். குதிரைத் தபாலைவிட இது வேகமாம்! சுல்தான் தௌலதாபாத்தில் இருந்தபோது கங்கைத் தண்ணீரே இப்படித்தான் 40 நாள் பயணத் தூரம் போனது என்கிறார்.

இரண்டு நாடு, இரண்டு காலம். ஆனால் இரண்டு பேரும் கவனித்தது அதே மணியை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

நம்ம பக்கத்துத் தபால்

வட இந்தியாவில் 'டாக்', தெற்கே 'தபால்'. பழைய வெள்ளைக்காரர்களின் மதராஸ் குறிப்புகளில் 'டப்பால்' என்றே வரும். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதற்குப் பெயர் 'அஞ்சல்'. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் 1956 வரை அந்தப் பக்கம் சேர்ந்திருந்ததுதான். அங்கே அஞ்சல் ஓட்டக்காரன் மணி கட்டிய ஈட்டியோடு ஓடுவான். சத்தம் கேட்டால் மற்றவர்கள் வழிவிட வேண்டும். இந்தத் தனி அஞ்சல் 1951இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. இன்று நாம் 'அஞ்சல் துறை' என்று எழுதும்போது அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

மதராஸில் பொதுமக்களுக்கான தலைமைத் தபால் நிலையம் 1786 ஜூன் 1ஆம் தேதி கோட்டைக்குள் திறக்கப்பட்டது. தபால் பாதைகள் வடக்கே கஞ்சம், தென்மேற்கே அஞ்செங்கோ, மேற்கே வேலூர் என்று மூன்று பக்கமும் போயின. வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். அந்த நாளைய செங்கல்பட்டு ஜில்லா மதராஸைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. அதனால் தரைவழியாக எந்தப் பக்கம் போனாலும் நம் ஜில்லா மண்ணை மிதிக்காமல் போக முடியாது. ஏரிக்கரை, பனங்காடு, வயல்வெளி என்று இரவெல்லாம் அந்த மணிச் சத்தம் நம்ம பக்கமும் கேட்டிருக்கும்.

அவர்களிடம் என்ன இருந்தது?

முதலில் ஆயுதம். கம்பு அல்லது குட்டை ஈட்டி. ஒரு ஆள் கையில் ஈட்டி இருந்தால் புலியையோ கொள்ளைக் கூட்டத்தையோ ஜெயித்துவிடுவானா? நாய், நரிக்கு வேண்டுமானால் உதவும். மற்றபடி அது தைரியத்துக்குத்தான்.

இரண்டாவது மணி. இதுதான் புத்திசாலித்தனம் என்பேன். இருட்டில் பயந்தவன் சத்தமில்லாமல் போகத்தான் பார்ப்பான். இவர்கள் நேர்மாறாக, நான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். மிருகங்கள் பெரும்பாலும் திடீரென்று எதிரில் ஆள் வந்து நின்றால்தான் பாயும். தூரத்திலேயே சத்தம் கேட்டால் பல மிருகங்கள் தாமாகவே விலகிவிடும். பாம்புக்கு வெளிக்காது கிடையாது, ஆனால் தரை அதிர்வை நன்றாக உணரும். கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு போ என்று நம் பெரியவர்கள் சொன்னதன் காரணம் இதுதான்.

மூன்றாவது வெளிச்சம். காடு மிகுந்த இடங்களில் தீவட்டி பிடிக்கிறவனும், பறையடித்துக்கொண்டு போகிறவனும் கூட அனுப்பப்பட்டார்கள். மோசமான இடங்களில் வில்லாளிகளும் போனார்கள். அதாவது, இடம் ஆபத்தானது என்று தெரிந்தால் ஆளை நிறுத்தவில்லை, துணையைக் கூட்டினார்கள்.

நான்காவதுதான் முக்கியம். அடுத்த ஆள்! ஓட்டக்காரன் தனியாகத்தான் ஓடினான். ஆனால் சில மைல் தூரத்தில் அவனுக்காக ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். மணிச் சத்தம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். யோசித்துப் பாருங்கள், இன்று போனில் நாம் இருக்கும் இடத்தை வீட்டுக்குக் காட்டுகிற வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. என்ன, அந்தப் பக்கம் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

பாதை யார் பொறுப்பு?

வழிப்பயணத்தின் பயம் நம் ஊருக்குப் புதிதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் புலவர் அவன் நாட்டு வழிகளைப் புகழ்கிறார். வழிப்பறிக் கள்வர் இல்லை, பாம்பு கடிக்காது, காட்டு விலங்கு துன்பம் செய்யாது என்கிற மாதிரி. பாம்பு கடிக்காது என்பது கொஞ்சம் அதிகம்தான்! ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. வழி பயமில்லாமல் இருப்பது வழிப்போக்கனின் சாமர்த்தியம் இல்லை, ராஜாவின் பெருமை என்று அன்றே நினைத்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டில் காவல்காரர் முறை இருந்தது. ஊர்க்காவலுக்கும் வழிக்காவலுக்கும் மக்கள் காவல்காரருக்குக் கூலி கொடுப்பார்கள். அவர் எல்லைக்குள் பொருள் களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இந்த முறையில் மிரட்டிக் காசு பிடுங்குகிற அநியாயமும் நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கம்பெனி அரசாங்கம் அதை ஒழித்தது. 1816இல் கிராமப் போலீஸ் வேலை மணியக்காரரிடமும் தலையாரியிடமும் வந்தது. 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்தது. 1898 தபால் சட்டம் தபாலைத் தடுத்து நிறுத்துவதைக் குற்றமாக்கியது. முறை மாறினாலும் பாதைக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்பது மாறவில்லை.

இவ்வளவு சொன்னதும் அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டக்காரர்கள் புலி அடித்தும், வெள்ளத்தில் போயும், கொள்ளையரிடம் சிக்கியும் செத்திருக்கிறார்கள். கூலியோ சொற்பம். அரசாங்கத்துக்குக் கவலை பையைப் பற்றித்தான், பையைச் சுமந்த ஆளைப் பற்றி அவ்வளவாக இல்லை. வங்காளத்தில் சுகாந்த பட்டாச்சார்யா என்ற கவிஞர் இப்படி ஒரு ஓட்டக்காரனைப் பற்றி 'ரன்னர்' என்று ஒரு கவிதை எழுதினார். 1947இல் இறந்தபோது அவருக்கு வயது 20தான், நம்மைப் போல ஒரு மாணவ வயசு! சலில் சௌத்ரி இசையில் ஹேமந்த குமார் அதைப் பாடி, வங்காளத்தில் இன்றும் அது பிரபலம்.

மணி நின்ற பிறகு

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடியது. பிறகு மோட்டார் வந்தது. பெரிய பாதைகளில் ஓட்டக்காரர் தேவைப்படவில்லை. 1937இல் வந்த இரண்டணா ஸ்டாம்பில் ஓட்டக்காரன் படம் போட்டார்கள். மாட்டு வண்டி, குதிரை வண்டி, ஒட்டகம், ரயில் என்று அதே வரிசையில் மற்ற ஸ்டாம்புகளும் உண்டு. ஆனால் வண்டி போகாத இடங்களில் ஆள்தான் போக வேண்டியிருந்தது. நீலகிரியில் குன்னூர் பக்கம் தினமும் 15 கிலோமீட்டர் காட்டு வழியில் நடந்து தபால் கொடுத்த ஒருவர் 2020இல்தான் ஓய்வு பெற்றார். யானையும் கரடியும் அவரைத் துரத்தியிருக்கின்றன.

இன்று எங்கள் ஊர்ப் பக்கம் புலி இல்லை. அதற்குப் பதில் லாரி இருக்கிறது! 2022இல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். எந்தப் புலியும் இப்படிக் கொன்றதில்லை. லாரிக்கு மணிச் சத்தம் கேட்காது. அதனால் இன்றைய மணி என்பது வெளிச்சம்தான். வெள்ளைச் சட்டை அல்லது ஒளிரும் பட்டை, கையில் டார்ச், வண்டியை எதிரே பார்த்தபடி ரோட்டின் வலது ஓரம். அன்று அடுத்தவன் காது மணிக்காகத் திறந்திருந்தது. இன்று நாம் ஓடும்போது காதில் பாட்டை மாட்டி அடைத்துக்கொள்கிறோம். இருட்டில் அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் அக்காவுக்கு அறிவுரையாகச் சொன்னால் பாதி வரலாறுதான் சொன்ன மாதிரி. ஆபத்தான பாதை என்று தெரிந்தபோது ஓட்டக்காரனிடம் யாரும் 'நீ வீட்டிலேயே இரு' என்று சொல்லவில்லை. தபால் போயே ஆக வேண்டும் என்று நினைத்தார்கள், தீவட்டியைக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெண் இருட்டில் ஓட வேண்டும் என்றால் மட்டும் முதலில் ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறோம். ஒரு கடிதத்துக்குக் கொடுத்த மரியாதையை ஒரு பெண்ணின் வேலைக்குக் கொடுக்கக் கூடாதா?

இந்தக் கதையை நான் மாமாவிடம் (அக்காவின் அப்பா) ஒருநாள் சாயங்காலம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுபடி அக்கா ஓட ஆரம்பித்தது ஒரு வாரம் கழித்துத்தான். இப்போது ரோட்டின் ஒரு முனையில் இருக்கும் கல்வெர்ட்டில் மாமா டார்ச்சோடு உட்கார்ந்திருக்கிறார். இன்னொரு முனையில் என் தம்பி, பாதித் தூக்கத்தில். ஊரில் இன்னும் இரண்டு பெண்கள் கூடச் சேர்ந்துவிட்டார்கள். தெருவிளக்கு ஒன்று எரியாமல் கிடப்பதைப் பற்றி ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம், பார்ப்போம்.

ஆயா மட்டும் இன்னும் விடவில்லை. "கழி எங்கடி?" என்று கேட்கிறது. நான் அதன் தலையில் ஒரு மாட்டுச் சலங்கையைக் கட்டிக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.