பேராக் தோட்டத் தமிழரின் வாழ்வறிவும் மருத்துவ ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட இரப்பர்க் கன்றுகள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் இல்லத் தோட்டத்தில் வளர்த்தார். அடுத்த முப்பது ஆண்டுகளில் இரப்பரின் விலை உயரவே, காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து பல்லாயிரவர் கப்பலேறினர். இவ்வரலாறு நாம் நன்கறிந்த ஒன்றாகும். தோட்டத் தமிழரின் கூலி, கங்காணி முறை, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகியவை பற்றி ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆயினும், அவர்களின் உடல்நிலையைக் குறித்து மருத்துவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் தமிழ்த்துறையினரிடையே போதிய கவனம் பெறவில்லை எனலாம்.

பெரிபெரி, மலேரியா, நிப்பா ஆகிய மூன்று நோய்களின் ஆய்வு வரலாற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இவற்றுள் ஒன்று தமிழரை அண்டாத நோய். ஒன்று அவர்களைப் பெரிதும் வருத்திய நோய். மற்றொன்று அண்மைக் காலத்தில் ஈப்போ வட்டாரத்தில் தோன்றிய நோய். மூன்றிலும் நாம் காண்பது ஒன்றே. எளிய மக்களின் அன்றாட வழக்கமும் அவர்கள் கண்ணால் கண்டறிந்தவையும் ஆய்வுக்குச் சான்றாயின. அச்சான்றைத் தந்த மக்களோ ஆய்வேடுகளில் எண்களாக மட்டுமே எஞ்சினர். இக்குறையை நீக்குவதில் தமிழாய்வுக்கு ஒரு பங்கு உண்டு என்பதே நம் கருத்து.

புழுங்கல் அரிசி தந்த சான்று

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பெரிபெரி நோய் பெரும் எண்ணிக்கையில் கொன்றது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்களும் இதற்கு விலக்கல்ல. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இறுதியில் இதயம் செயலிழக்கும் இந்நோயின் காரணம் அப்போது தெரிந்திருக்கவில்லை. தொற்று என்றனர் சிலர். ஈரத்தரையே காரணம் என்றனர் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய பிராடன் ஒரு வேறுபாட்டைக் கவனித்தார். சீனரைப் போன்றே கடுமையாக உழைத்து, அவர்களைப் போன்றே நெரிசலான குடியிருப்பில் வாழ்ந்த தமிழருக்கு இந்நோய் மிக அரிதாகவே வந்தது. சீனர் தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழர் புழுங்கல் அரிசியை உண்டனர். பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் கருதியது பிழையாயினும், அவர் கண்ட வேறுபாடு உண்மையானது.

இதனைச் சோதிக்க விரும்பிய வில்லியம் ஃபிளெட்சர், 1905ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநல விடுதியில் தங்கியிருந்தோரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர்க்குச் சயாம் பச்சரிசியும் மற்றவர்க்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. பச்சரிசி உண்ட ஏறத்தாழ 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 18 பேர் இறந்தனர். மற்றப் பிரிவில் இந்நோயால் எவரும் இறக்கவில்லை. பின்னர், 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலுபுவில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆய்வு நடத்தினர். தீட்டும்போது நீக்கப்படும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்பதை 1909ஆம் ஆண்டளவில் அவர்கள் நிறுவினர். ஜாவாவில் ஐக்மன் முன்னரே கோழிகளைக் கொண்டு செய்த ஆய்வும் இதனுடன் சேர, வைட்டமின் என்னும் கருத்து உருப்பெற வழி பிறந்தது.

இன்று இதன் விளக்கம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேலுறையிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. பின்னர்த் தீட்டினாலும் அது பெருமளவு எஞ்சுகிறது. தமிழர் இதனை முன்பே அறிந்திருந்தனர் என்று நாம் மிகைப்படுத்தத் தேவையில்லை. அவர்களுக்கு அது மருந்தன்று, பழகிய சோறு. ஆனால் அப்பழக்கத்தைக் கடல்கடந்த பின்னும் அவர்கள் விடாது பேணியமையால்தான் மருத்துவர்க்கு ஒப்பீடு கிடைத்தது. சோதனைக்கு உடன்பட்டோமா என்று கேட்கப்படாமலேயே இறந்த பதினெண்மரின் பெயரும் பரவலாக அறியப்பட்ட வரலாற்றில் இல்லை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

மலையும் கொசுவும் தோட்டம் மாறியோரும்

மலேரியாவைப் பொறுத்தவரையில் தமிழரின் நிலை முற்றிலும் வேறானது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911ஆம் ஆண்டளவில் இந்தியத் தொழிலாளரின் இறப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 60 என்னும் அளவில் இருந்தது. சில தோட்டங்களில் இது பன்மடங்கு மிகுதியாக இருந்தது. இவ்விறப்புகளுக்கு மலேரியாவே முதன்மைக் காரணம்.

1901ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியேற்ற மல்கம் வாட்சன், சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். அதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது நோய் குறையவில்லை. இதன் காரணம் பின்னரே தெளிவாயிற்று. தாழ்நிலத்தில் நோயைப் பரப்பிய அனாபிலிஸ் அம்புரோசஸ் நிழலில் தேங்கிய நீரில் பெருகுவது. மலைச்சரிவின் அனாபிலிஸ் மேக்குலாட்டஸோ வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. காட்டை அழித்து ஓடைகளைத் திறந்துவிட்டமையே அதற்கு இடமளித்தது. எனவே, மலைத்தோட்டங்களில் நிலத்தடிக் குழாய்களும் எண்ணெய் தெளித்தலும் பயன்படுத்தப்பட்டன. பேராக்கின் கிரியான் நெல்வயல்களில் நீர் நிறைந்திருந்தும் மலேரியா குறைவாக இருந்ததையும் வாட்சன் எடுத்துக்காட்டினார். எந்நீர் ஆயினும் கொசு, எக்கொசு ஆயினும் மலேரியா என்னும் எண்ணம் இவ்வாறு திருத்தப்பட்டது.

பேராக்கின் நிலம் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே உடையது. தெலுக் இந்தான், பாகான் டத்தோ பகுதிகள் தாழ்நிலம். சுங்கை சிப்புட், தாப்பா, கோலகங்சார்ப் பகுதிகள் குன்றும் ஓடையும் சூழ்ந்தவை. ஒரே மாநிலத்துள் ஒரு தோட்டம் உயிர்வாழ உகந்ததாகவும் மற்றொன்று உயிர்கொல்லியாகவும் இருக்கக்கூடும்.

இவ்வேறுபாட்டைத் தொழிலாளர் அறிந்திருந்தனரா? இவ்வினாவிற்கு விடைகாண ஒரு சான்று உண்டு. தோட்டத்தை விட்டு ஓடியவர்களைப் பற்றிய புள்ளிவிவரங்கள் குடியேற்றக்காலத் தொழிலாளர் அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளன. தோட்ட உரிமையாளர் இதனை நன்றியின்மை என்றனர். வரலாற்றாசிரியர் இதனைக் கூலிப் போட்டியின் விளைவாகவும் எதிர்ப்பின் வடிவமாகவும் விளக்குவர். இவ்விளக்கங்களோடு இன்னொன்றையும் சேர்க்கலாம் என்பது நம் கருத்து. காய்ச்சல் மிகுந்த தோட்டங்கள் ஆள் கிடைக்காது தவித்தன. அவற்றைப் பற்றிய செய்தி கங்காணிகள் வழியாகவும் உறவினர் வழியாகவும் பரவியது. ஆகவே, தோட்டம் மாறியோரின் எண்ணிக்கையை இறப்பு எண்ணிக்கையோடு ஒப்பிட்டு நோக்கின், அது தொழிலாளர் தாமே வரைந்த நோய்வரைபடமாகத் தோன்றக்கூடும். இவ்வொப்பீட்டைப் பேராக்கின் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் செய்து பார்ப்பது பயனுள்ள ஆய்வாக அமையும்.

இறப்பு எண்களையும் எச்சரிக்கையோடு அணுகுதல் வேண்டும். நோயுற்று வேலையிழந்து சாலையோரத்தில் மாண்டவரும், ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டபின் மாண்டவரும் தோட்டக் கணக்கில் வாரார். அறிக்கையில் இறப்பு குறைவது, வாழ்வு மேம்பட்டதை மட்டுமே காட்டும் என்று கொள்வதற்கில்லை.

மலேரியா பழங்கதையுமன்று. மனித மலேரியா உள்நாட்டில் தொற்றாத நிலையை மலேசியா 2018ஆம் ஆண்டில் எட்டியது. ஆயினும், குரங்குகளிடமிருந்து பரவும் நோலெசி வகை மனிதரிடையே பரவலாகக் காணப்படுவதைச் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழுவினர் 2004ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். காட்டின் விளிம்பு மாறும்போது நோயும் மாறுகிறது என்னும் வாட்சன் காலப் பாடம் இன்றும் பொருந்துகிறது.

வரலாற்றாய்வு எடுத்த திருப்பம்

கெர்னியல் சிங் சந்து 1969இலும், சின்னப்பா அரசரத்தினம் 1970இலும் வெளியிட்ட நூல்கள் மலாயா இந்தியர் வரலாற்றுக்கு அடித்தளமிட்டன. குடிபெயர்வின் அளவும் போக்கும் அவற்றால் தெளிவாயின. 1970இல் வெளிவந்த இரவீந்திர கே. ஜெயினின் நூல் ஒரே தோட்டத்தில் தங்கி ஆராய்ந்ததன் பயன். அத்தோட்டத்திற்கு அவர் புனைபெயரே வழங்கினார். மக்களைக் காக்கும் இம்முறை மானுடவியலில் ஏற்புடையதே. எனினும், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் வரலாற்றிலிருந்து மறைவதற்கும் இது காரணமாகிறது.

உடல்நலத்தை அரசியலோடு இணைத்துக் கண்டவர்களுள் லெனோர் மாண்டர்சன் குறிப்பிடத்தக்கவர். 1996இல் வெளிவந்த அவருடைய நூல், குடியேற்ற அரசின் சுகாதாரப் பணி தொழிலாளர் தேவையோடு எவ்வாறு பின்னியிருந்தது என்பதை விளக்குகிறது. சுனில் அம்ரித் 2013இல் வங்கக் கடலைச் சூழ்ந்த பெயர்வுகளைச் சுற்றுச்சூழல் வரலாறாக எழுதினார். லின் ஹாலன் லீஸ் 2017இல் தோட்டத்தையும் நகரத்தையும் இணைத்து நோக்கினார். அருணிமா தத்தா 2021இல் தோட்டப் பெண்களை மையமாக்கி, அவர்கள் வெறும் பாதிக்கப்பட்டோர் அல்லர் என்பதை ஆவணங்களின் இடுக்குகளிலிருந்து மீட்டுக்காட்டினார். எண்ணிலிருந்து ஆளை நோக்கி வரலாற்றாய்வு நகர்ந்துள்ளமையை இவ்வரிசை உணர்த்துகிறது. ஆனால், இந்நூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் அமைந்தவை. பெரிதும் ஆங்கில ஆவணங்களைச் சார்ந்தவை. தமிழில் வழங்கிய சான்று இன்னும் முழுமையாகத் திரட்டப்படவில்லை.

ஈப்போ அருகில் தோன்றிய நோய்

1998ஆம் ஆண்டு செப்டம்பரில் ஈப்போவை அடுத்த தம்பூன் வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதிப் புகையடித்தலும் தடுப்பூசியும் மேற்கொள்ளப்பட்டன. நோய் அடங்காது நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. நோயுற்றோரில் பெரும்பாலோர் பன்றிகளை நேரடியாகத் தொட்டுப் பணியாற்றிய ஆடவர். சிறுவர் மிகச் சிலரே. பன்றிகளும் இருமி நோயுற்றிருந்தன. கொசுவே காரணமாயின் இவ்வாறு அமையாது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், லாம் சாய் கிட் முதலியோர் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தனர். நோயாளியின் சிற்றூரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். ஏறத்தாழ பத்து இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன.

ஈப்போ அருகிலிருந்த பெரும்பண்ணையில் பன்றிக் கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் வளர்க்கப்பட்டமையும், அவற்றை நாடிய பழந்தின்னி வௌவால்களிடமிருந்து கிருமி பரவியமையும் 2012இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டன. நிலத்தைப் பயன்படுத்தும் முறையே நோய்க்கு வழிவகுத்தது என்னும் முடிவு இரப்பர்த் தோட்ட மலேரியாவை நினைவூட்டுகிறது. பழைய விளக்கமொன்றைப் பற்றிக்கொண்டு, களத்தில் இருப்போர் காண்பதற்குச் செவிகொடாவிடில் நேரும் இழப்பையும் இது காட்டுகிறது.

தமிழாய்வின் பங்கு

பேராக் தோட்டங்களின் நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதை உங்கு அசிஸ் ஆராய்ந்தார். அதன் எதிரொலியாக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தோன்றியது. பின்னர் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. தோட்ட மக்கள் பலர் ஈப்போ, சுங்கை சிப்புட் முதலிய நகர்ப்புறங்களில் குடியேறினர். லயமும் ஆயாக்கொட்டகையும் பல இடங்களில் இல்லை. அவற்றை நேரில் அறிந்த தலைமுறை மறைந்துவருகிறது.

எனவே, மூன்று பணிகளை முன்வைக்கிறோம். முதலாவது, பெரட்டு, டிரஸ்ஸர், கொயினா, குளிர்காய்ச்சல் போன்ற தோட்ட வழக்குச் சொற்களை, பேசியவரின் ஊர், தோட்டம், ஏறத்தாழக் காலம் ஆகியவற்றோடு தொகுத்தல். எந்நோயை எச்சொல்லால் குறித்தனர் என்பது தெரிந்தாலன்றி வாய்மொழிச் செய்தியை மருத்துவக் குறிப்போடு பொருத்த இயலாது. இரண்டாவது, தமிழ்ப்பள்ளிகளில் எஞ்சியுள்ள சேர்க்கை, வருகைப் பதிவேடுகளைக் காத்தல். ஒரு மாணவன் எத்தனை தோட்டம் மாறினான், எந்நாள்களில் வரவில்லை என்பன வேறு ஆவணங்களில் கிடைப்பதற்கு அரியவை. இப்பணியில் தமிழாசிரியரின் துணை இன்றியமையாதது. மூன்றாவது, மருத்துவப் புலத்தாரும் இந்திய ஆய்வியல் துறையினரும் இணைந்து பழைய அறிக்கைகளைப் படித்தல். செய்தி தருவோரின் இசைவைப் பெறுதலும், ஆய்வின் முடிவை அவர்கள் மொழியிலேயே அவர்களுக்குத் தெரிவித்தலும் இம்மூன்றுக்கும் பொதுவான கடப்பாடாகும்.

முடிவுரை

புழுங்கல் அரிசிச் சோறும், தோட்டம் மாறிய கால்களும், பண்ணையில் கண்ட அறிகுறியும் ஆய்வுக்குரிய சான்றுகளே என்பதை மேற்கண்டவை தெளிவுறுத்துகின்றன. மருத்துவம் அவற்றுள் சிலவற்றைப் பயன்படுத்திக்கொண்டது. சிலவற்றைக் காலந்தாழ்ந்தே கண்டுகொண்டது. அச்சான்றுகளுக்கு உரியோரைப் பெயரோடும் ஊரோடும் பதிவுசெய்வது வரலாற்றின் கடன். அதற்கான மொழியும் உறவும் தமிழாசிரியரிடமும் தமிழாய்வாளரிடமும் உள்ளன. ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் அம்முதியோர் வாழும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.