கருந்துளையின் படம்: எடுத்ததா, செய்ததா?

மட்டக்களப்பு வாவியோரப் பாடசாலைகளுக்கு ஊடகப் பயிற்சி நடத்தப் போகும்போது அந்தச் செம்மஞ்சள் வளையப் படத்தையும் கொண்டுபோவேன். 2019 ஏப்ரல் 10ஆம் திகதி வெளியான, கருந்துளை ஒன்றின் முதற்படம். “இது எடுத்த படமா, கொம்பியூட்டரில் செய்ததா?” என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். போர்க்காலப் படங்களும் காணொளிகளும் போலியென்று மறுக்கப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். கேட்கத்தான் செய்வார்கள்.

கமராவால் எடுத்ததல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். நிறம்கூட விஞ்ஞானிகள் கொடுத்ததுதான்.

கருந்துளையிலிருந்து ஒளி வெளியேறாது. படத்தில் ஒளிர்வது அதைச் சுற்றியுள்ள கொதிவாயு. நடு இருட்டு அதன் நிழல். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள இந்தக் கருந்துளையின் நிறை சூரியனைப் போல 650 கோடி மடங்கு. தூரமோ 5.5 கோடி ஒளியாண்டு. நிலவில் கிடக்கும் தோடம்பழத்தை இங்கிருந்து பார்ப்பது போன்ற வேலை. 1.3 மில்லிமீற்றர் ரேடியோ அலையில் அதைப் பார்க்கப் பூமியளவு தொலைநோக்கி வேண்டும்.

வாவியில் தோணி போகையில் எழும் அலை, கரையில் தள்ளித்தள்ளி நிற்கும் இருவரின் காலில் ஒரே கணத்தில் படாது. யார் காலில் எவ்வளவு முந்திப் பட்டது என்று தெரிந்தால், அலை வந்த திசையைக் கணிக்கலாம். இருவருக்கும் இடைத்தூரம் கூடக்கூடக் கணிப்புத் துல்லியமாகும். 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய இடங்களில் 8 தொலைநோக்கிகள் அணுக்கடிகாரங்களோடு செய்தது இதைத்தான். (தெற்காசியாவில் ஒன்றுமில்லை.) இணையத்தில் அனுப்ப முடியாதளவு பதிவுகள், வன்தட்டுகள் விமானத்தில் போயின. தென்துருவ வட்டுகள் அங்கு குளிர்காலம் முடியும்வரை, டிசெம்பர் மட்டும், காத்துக் கிடந்தன.

பிள்ளைகளின் சந்தேகத்துக்கு உண்மையான இடம் இனித்தான் வருகிறது. 8 தொலைநோக்கிகள் பூமியை நிரப்பாது. பதிவில் இடைவெளிகளே அதிகம். அதே பதிவுக்குப் பொருந்தும் படங்கள் எத்தனையோ வரையலாம், எதைத் தெரிவது? பதிவு சொல்லாத எதையும் சேர்க்காமல், பொருந்துபவற்றில் மிக எளிய படத்தைத் தேடும் கணித வழியொன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரமேஷ் நாராயணும் ராஜாராம் நித்யானந்தாவும் 1986இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நாராயண் பின்னர் இந்தக் கருந்துளைக் குழுவிலும் இருந்தார்.

2018இல் பதிவு நான்கு அணிகளிடம் கொடுக்கப்பட்டது. சாட்சிகளைத் தனித்தனியே விசாரிப்பது போல, ஏழு வாரம் ஓர் அணி மற்ற அணியோடு பேசவில்லை. யூலையில் படங்களை அருகருகே வைத்தபோது நான்கிலும் வளையம். அதோடும் விடவில்லை. மென்பொருள் தானாகவே வளையம் செய்கிறதா என்று பார்க்க, ஓட்டையில்லாத தட்டொன்றின் போலிப் பதிவைக் கொடுத்தார்கள், தட்டே வந்தது. அந்தத் தட்டுக்கெனச் சரிசெய்த அதே அமைப்பில் எம்87 பதிவைப் போட்டால் வளையம் வந்தது. எனக்கு இந்தச் சோதனைதான், படத்தைவிடப் பெரிய செய்தி.

பதிவுகளை எவரும் எடுத்துப் பார்க்கலாம். அப்படி எடுத்து ஆராய்ந்த ஜப்பானின் மக்கோட்டோ மியோஷி குழுவினர், வளையம் தொலைநோக்கிகளின் போதாமையால் வந்த தோற்றமே என்று 2022இல் எழுதினார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். 2018இல் கிறீன்லாந்துத் தொலைநோக்கியையும் சேர்த்து மீண்டும் பதிந்ததன் முடிவு 2024 ஜனவரியில் வந்தது: வளையம் அதே அளவு; அதன் பிரகாசமான பக்கம் மட்டும் சுமார் 30 பாகை நகர்ந்திருந்தது.