ரொக்கமும் நிலமும்

மகளுக்கு ஒன்றும் வைக்காமல் போய்விட்டார் என்று ஜார்ஜ் கிளிஃபர்டைக் குறை சொல்ல முடியாது. கம்பர்லாந்துப் பிரபுவான அவர் 1605இல் இறந்தபோது, உயிரோடிருந்த ஒரே பிள்ளையான ஆனுக்கு வயது 15. அவளுக்கு 15,000 பவுன் எழுதிவைத்திருந்தார். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. கோட்டைகளும் நிலங்களும் தம்பி பிரான்சிஸுக்கு. தம்பியின் ஆண்வழி அற்றுப்போனால் மட்டுமே அவை ஆனுக்கு.

எனக்கு அந்தப் பணத்தின் மீதுதான் சந்தேகம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் ரொக்கம் கணவனுக்குச் சொந்தமாகிவிடும். நிலத்தின் வருமானத்தை அவன் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவள் சம்மதமின்றி விற்க முடியாது. தாய் மார்கரெட் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்தார். இரண்டாம் எட்வர்டு காலத்திலிருந்தே சொத்து நேர்வாரிசுக்கு உரியது, அது ஆணானாலும் பெண்ணானாலும். கணவரின் உயிலை எதிர்த்து மகளுக்காக வழக்காடியபடியே 1616இல் இறந்தார்.

மறு ஆண்டே மன்னர் ஜேம்ஸ் சித்தப்பா பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஈடாகப் பணம் உண்டு. சூதாட்டத்தில் கைவிட்ட கணவர் ரிச்சர்டு சாக்வில்லுக்கு வேண்டியதும் அதுதான். ஆன் மன்னரின் முகத்துக்கு நேராகவே மறுத்தார்.

1643இல் சித்தப்பா மகன் ஆண்வாரிசின்றி இறந்த பிறகே நிலம் வந்தது. ஆனுக்கு அப்போது 53 வயது. வழக்கில் அவர் ஜெயிக்கவில்லை; ஆண்கள் தீர்ந்துபோனார்கள், அவ்வளவுதான்.

தாயைக் கடைசியாகப் பிரிந்த சாலையோரத்தில் 1656இல் ஒரு தூண் எழுப்பினார். ஆண்டுதோறும் அந்தப் பிரிவு நாளான ஏப்ரல் 2 அன்று, அதனருகே உள்ள கல்மேடையில் ஊர் ஏழைகளுக்கு 4 பவுன் பகிர்ந்தளிக்கவும் ஏற்பாடு செய்தார்.